படி முடிந்த பிறகும் ஏறுகிறவர்கள்

மாடிப்படி மொட்டைமாடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வானம்தான். படியே இல்லாத அந்த இடத்தில் ஒருவர் காலை எடுத்துவைத்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு படி ஏறினால் எப்படி இருக்கும்? சாக்ஸபோன் வாசிக்கிறவர்களில் சிலர் அதைத்தான் செய்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றிப் பேசலாம்.

சாக்ஸபோன் என்றதும் நம் வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது 1994-ல் வந்த ‘டூயட்’ படமும் கத்ரி கோபால்நாத்தும்தான். நாதஸ்வர வித்வானின் மகனான அவர், விசைகள் பூட்டிய அந்த மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் பேச வைத்தார். இரண்டு படிகளுக்கு நடுவில் நின்று காட்டியவர் என்று அவரைச் சொல்லலாம். இன்று நாம் பார்க்கப்போகிறவர்கள், கடைசிப் படிக்கு மேலே போனவர்கள்.

விசை இல்லாத ஸ்வரம்

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், தான் உருவாக்கிய இந்த வாத்தியத்துக்கு 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். உடம்பு பித்தளை. ஆனால் சத்தம் பிறப்பது ஒரு சின்ன நாணல் பட்டையில். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கு ‘ரீட்’. சீவாளியில் இரண்டு இதழ்கள், இதில் ஒன்றுதான். ஊதுவாயில் அதைக் கட்டி, கீழுதட்டில் அணைத்து ஊத வேண்டும்.

சாக்ஸபோனில் இருக்கும் விசைகளை வைத்து ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி வாசிக்கலாம். ஆல்டோ வகை சாக்ஸபோனில் விசைகள் கொண்டுபோய்விடும் உச்சம் சுமார் 880 ஹெர்ட்ஸ். அதோடு வாத்தியத்தின் படிக்கட்டு முடிந்தது. அதற்கு மேலே உள்ள ஸ்வரங்களுக்குத் தனியாக விசைகள் கிடையாது. இருக்கிற விசைகளையே வழக்கத்துக்கு மாறான சேர்க்கையில் பிடித்து, மீதியை வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பகுதிக்கு ‘அல்டிஸிமோ’ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘மிக மிக உயர்ந்தது’ என்று அர்த்தம்.

‘உதட்டை இறுக்கிப் பிடித்து, பலமாக ஊதினால் மேலே போய்விடாதா?’ என்று கேட்கத் தோன்றும். போகாது. ரீட் நசுங்கி, கீச்சென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

வாய்க்குள் ஒரு வாத்தியம்

இதற்கான விடையை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கலைஞர்களின் வாய்க்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். வழக்கமான ஸ்வரங்களை வாசிக்கும்போது குழாயே ரீடை ஆட்டுவிக்கிறது. ஊஞ்சல் தானாக ஆடுவதுபோல, அங்கே வாசிப்பவருக்கு அதிக வேலை இல்லை. மிக உயரத்துக்குப் போகும்போது குழாயின் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்போது வாசிப்பவரின் வாயும் தொண்டையும் சேர்ந்து இன்னொரு குழாயாக மாறி, எந்த ஸ்வரம் வேண்டுமோ அதற்குத் தக்கபடி ஒலியைத் தாங்கிக்கொடுக்க வேண்டும். தேர்ந்த கலைஞர்கள் அப்படி வாய்க்குள் சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த உச்ச ஸ்வரங்கள் வராத கற்றுக்குட்டிகள் அதைச் செய்யவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

இதை நீங்களே கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். விசில் அடித்துக்கொண்டே சுருதியை மேலே ஏற்றுங்கள். உதடு பெரிதாக அசையாது. நாக்கு முன்னே நகர்வது தெரியும். அல்லது ‘ஊ’ என்று ஆரம்பித்து, நிறுத்தாமல் ‘ஈ’ என்று முடியுங்கள். உள்ளே வடிவம் மாறுகிறது அல்லவா? சாக்ஸபோன்காரர் இதைத்தான் மயிரிழை சுத்தமாக, ரீடை வாயில் வைத்துக்கொண்டே செய்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது. விரல்களைப் பார்த்து யாரும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் மனதில் கேட்டவர்

இந்த விஷயத்தை ஆய்வுக்கூடம் சொல்வதற்கு 67 வருடங்களுக்கு முன்பே புத்தகமாக எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். சிகுர்ட் ராஷெர். 1907-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் நாட்டைவிட்டு வெளியேறி, டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா.

ஜாஸுக்குத்தான் சாக்ஸபோன், சாஸ்திரிய சங்கீத மேடைக்கு அது சரிவராது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. ராஷெர் நான்கு ஸ்தாயி வாசித்துக் காட்டினார். கிளாசுனோவ் 1934-ல் எழுதிய கான்செர்ட்டோவும், ஜாக் இபேர் 1935-ல் எழுதி முடித்த ‘கான்செர்ட்டினோ டா கேமரா’வும் இவரை மனதில் வைத்துப் பிறந்தவை. 1939-ல் பாஸ்டன் சிம்பொனியோடும் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடும் தனிக் கலைஞராக நின்று வாசித்தார்.

1941-ல் வந்த அவருடைய ‘டாப்-டோன்ஸ் ஃபார் தி சாக்ஸபோன்’ புத்தகத்தை இன்றைக்கும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். அதைத் திறந்து, ‘உயர்ந்த ஸ்வரத்துக்கு எந்த விசையை அழுத்துவது?’ என்று அவசரமாகத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ராஷெர் முதலில் கொண்டுபோய் நிறுத்துவது கீழ் ஸ்தாயியில்!

பயிற்சி இப்படி: வாத்தியத்தின் மிகக் கீழான ஸ்வரத்துக்கு உண்டான விரல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கீழ் ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். விரல்களை ஒரு துளியும் அசைக்காமல் மேல் ‘ச’ வர வேண்டும். அடுத்து அதற்கு மேல் ‘ப’. அடுத்து அதற்கும் மேல் ‘ச’. எல்லாம் ஒரே பிடியில். நாதஸ்வரக்காரர்கள் ஊதும் அழுத்தத்தை மாற்றி மேல் ஸ்தாயிக்குப் போவது நமக்குப் பழக்கம்தான். இங்கே அது இன்னும் பல மாடி ஏறுகிறது.

இது கைகூட வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். ராஷெர் வலியுறுத்திய இன்னொன்று முக்கியமானது. எந்த ஸ்வரம் வர வேண்டுமோ, அதை முதலில் மனதுக்குள் துல்லியமாகக் கேட்க வேண்டும். உள்ளே கேட்காத ஸ்வரம் வெளியே வராது.

இதில் ஒரு தகராறும் உண்டு. ‘விசை இல்லாத இடம் வாத்தியத்துக்குச் சொந்தமில்லை; அது வித்தை காட்டுவது’ என்று நினைத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். இபேரின் இசைக்குறிப்பிலேயே, அந்த உயரம் எட்டாதவர்கள் ஒரு ஸ்தாயி கீழே வாசித்துக்கொள்ள வழி விட்டிருக்கிறது.

கூட்டத்தை எழுப்பியவர்கள்

அதே சமயம் அமெரிக்காவின் நடன அரங்குகளில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. லயனல் ஹாம்ப்டனின் குழுவில் இருந்த இலினாய் ஜாக்கே, 1942-ல் ‘ஃப்ளையிங் ஹோம்’ பாட்டில் வாசித்த தனி ஆவர்த்தனம் ஊரையே ஆட வைத்தது. இரண்டு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த ‘ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்’ கச்சேரியில் அவர் ரீடைக் கடித்து, வீறிட்டு அலறுகிற மாதிரி உயர ஸ்வரங்களை எடுத்தார். விமர்சகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

ஏர்ல் பாஸ்டிக் வேறு மாதிரி. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் பிறந்தவர். இவருடைய ‘ஃப்ளமிங்கோ’ 1951-ல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குரல் கரகரப்பான தொனி. ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்கிற ஜனரஞ்சகம். ஆனால் உச்ச ஸ்வரங்களில் அவருக்கு இருந்த பிடி, சக கலைஞர்களையே அசர வைத்தது. 1952-ல் அவர் குழுவில் சேர்ந்து, பக்கத்தில் நின்று வாசித்த ஓர் இளைஞரின் பெயர் ஜான் கோல்ட்ரேன். பிற்பாடு ஜாஸ் உலகத்தையே திருப்பிப் போட்ட அதே கோல்ட்ரேன்தான். வாத்தியத்தைப் பற்றி பாஸ்டிக்கிடம் நிறையக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஜூக்பாக்ஸ் பாட்டுக்காரர்தானே என்று யாரையும் லேசாக எடைபோட்டுவிடக் கூடாது.

மூச்சைத் தேடியவர்கள்

எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்த இருவரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஒருவர் டேவிட் சான்பார்ன். 1945-ல் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ. மார்புத் தசைகள் பலவீனமாகிவிட்டன. மூச்சு சீராக வேண்டும், மார்பு பலப்பட வேண்டும் என்பதற்காக, காற்று வாத்தியம் ஏதாவது வாசிக்கட்டும் என்றார் மருத்துவர். பையன் சாக்ஸபோனைத் தேர்ந்தெடுத்தான். 14 வயதில் ப்ளூஸ் மேதை ஆல்பர்ட் கிங்கோடு வாசித்தான்.

1975-ல் டேவிட் போவியின் ‘யங் அமெரிக்கன்ஸ்’ பாட்டில் வரும் சாக்ஸபோன் சான்பார்னுடையது. ஆறு கிராமி விருதுகள் வாங்கினார். ஒரு பாட்டின் உணர்ச்சி உச்சத்தில், அடக்கிவைத்த அழுகை பீறிடுவதுபோல அவர் அல்டிஸிமோவுக்குத் தாவுவதுதான் அவருடைய கையெழுத்து. மூச்சுக்காக ஆரம்பித்த பையன், மூச்சு போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் போனான். 2024 மே மாதம் காலமானார்.

இன்னொருவர் பெர்ட் வில்சன். 1939-ல் பிறந்தவர். நான்கு வயதில் போலியோ தாக்கி, அதன் பிறகு சக்கர நாற்காலிதான் வாழ்க்கை. பெரிய புகழ், பெரிய பணம் எதுவும் வரவில்லை. ஆனால் உச்ச ஸ்வரங்களிலும், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்களை எழுப்பும் நுட்பத்திலும் அவரைத் தேடி வந்து கற்றுக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் லென்னி பிக்கெட்.

பிக்கெட்டின் வாசிப்பைக் கேட்காத அமெரிக்கத் தொலைக்காட்சி ரசிகர்கள் குறைவு. ‘டவர் ஆஃப் பவர்’ குழுவில் பெயர் வாங்கிவிட்டு, 1985-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். பத்து வருடத்தில் அதன் தலைவரானார். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கையசைக்கும்போது, பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறதே ஒரு சாக்ஸபோன், அது அவர்தான். நாற்காலியை விட்டு எழ முடியாத ஆசிரியரிடம் பாடம் கேட்ட மாணவரின் ஸ்வரம், வாராவாரம் லட்சக்கணக்கான வீடுகளின் கூரைக்கு மேலே போனது.

ரீல்ஸுக்குள் அடங்காதது

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது போனைத் திறந்தால் முப்பது விநாடி ரீல்ஸில் இந்த உச்ச ஸ்வரங்கள் மட்டும் தனியாக வெட்டி வருகின்றன. ‘அடேயப்பா’ என்கிறோம், அடுத்ததுக்குத் தள்ளிவிடுகிறோம். குழந்தைகளும் அதைத்தான் பார்க்கிறார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதமே, ‘எப்போது மேலே போகலாம்?’ என்று கேட்கிறார்கள். சில சமயம் கேட்பது குழந்தையல்ல, நாம்தான்.

கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்காராமல் உச்சத்துக்குப் போனவர் யாரும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தால், ‘இன்னும் பாட்டு வரலையா?’ என்று கேட்காதீர்கள். அஸ்திவாரம் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வித்தையா, சங்கீதமா என்ற பழைய தகராறுக்கும் கேட்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. பாட்டு அந்த உயரத்தைக் கேட்டு, கலைஞர் அங்கே போனால் அது சங்கீதம். போக முடியும் என்பதற்காக மட்டும் போனால் அது வித்தை. ஜாக்கேயின் அலறலைக்கூட அந்தக் கச்சேரியின் சூட்டோடு சேர்த்துக் கேளுங்கள். அங்கே அது பொருந்தியே போகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சான்பார்னின் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கேளுங்கள். உச்சிக்குத் தாவிப் போகாதீர்கள். கீழே அவர் எவ்வளவு நேரம் நிதானமாக நடக்கிறார், எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறார் என்று கவனியுங்கள். அந்த மூச்சு, ஒரு காலத்தில் டாக்டர் கவலைப்பட்ட மூச்சு. அதற்குப் பிறகு வரும் உயர ஸ்வரம் உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.