பிளக்கைப் பிடுங்கிய பிறகு

என் மருமான் கிடார் வாசிப்பான் என்பது எனக்குத் தெரியும். ஆம்ப்ளிபயரையும் தானே செய்துகொள்ளப் போகிறான் என்பது கலிபோர்னியா போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து கிடந்தது. உள்ளே எடுத்து வைக்கலாமே என்று குனிந்தவன், "அம்மாடி!" என்று நிமிர்ந்தேன். அம்மிக்கல்லை அனுப்பிவிட்டார்களோ என்னும்படியான கனம்.

பிரித்துப் பார்த்தால் இரண்டு டிரான்ஸ்பார்மர், ஒரு தகரத் தட்டு, ஸ்பீக்கர், துணி சுற்றிய கம்பிச் சுருள், பொட்டலம் பொட்டலமாக ரெஸிஸ்டர்களும் கண்டென்ஸர்களும். இதற்குக் 'கிட்' என்று பெயர். காய்கறியை நறுக்கி, புளியை அளந்து, உப்பையும் பொட்டலம் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். கொதிக்கவைத்து இறக்குவது நம் பாடு!

எல்லாவற்றுக்கும் அடியில், தனித்தனி அட்டைக் கூடுகளில் மூன்று வால்வுகள். அவற்றைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வால்வு என்றால் சைக்கிள் டியூப்தான். எங்கள் காலத்தில் ரேடியோவைத் திருகினால் உடனே பாடிவிடாது. பின்புறத்து அட்டைத் துவாரம் வழியாகச் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம் கிளம்பும், சூடேறும், பெரிய வித்வானைப்போல் ஒருமுறை கனைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஆரம்பிக்கும். 1947-இல் பிறந்த டிரான்ஸிஸ்டர், வால்வை வீட்டைவிட்டே துரத்திவிட்டது என்று நினைத்திருந்தேன். கிடார்க்காரர்கள் மட்டும் விடவில்லையாம். அவர்களை நம்பி ஸ்லோவாகியாவிலும் ருஷ்யாவிலும் சீனாவிலும் இன்றைக்கும் வால்வு செய்கிறார்கள்.

பையன் செய்ய எடுத்துக்கொண்டது 'சாம்ப்' என்கிற குட்டி ஆம்ப்ளிபயரின் நகல். 1950-களின் பிற்பாதியில் ஃபெண்டர் கம்பெனி, கிடார் பழகுகிற பிள்ளைகளுக்காக மலிவாகச் செய்து விற்றது. 8 அங்குல ஸ்பீக்கர், சத்தம் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு திருகு. சக்தி சுமார் 5 வாட்.

இதைச் செய்த லியோ ஃபெண்டர் என்பவரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மனுஷர் கணக்கெழுதிப் பிழைத்தவர். வேலை போயிற்று. 1938-இல் ஃபுல்லர்ட்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். மருமான் வீட்டிலிருந்து காரில் அரைமணி தூரம்தான் அந்த ஊர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! வாசிக்கிறவர்கள் வந்து முறையிட்டால் மட்டும் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பாராம். ரிப்பேர்க்காரர் ஆனபடியால், நாளைக்கு இன்னொரு ரிப்பேர்க்காரன் கழற்ற வேண்டியிருக்குமே என்ற இரக்கம் அவருக்கு இருந்தது. அட்டைப் பலகையில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரிசையாகக் குத்திவைத்தார். எழுபது வருஷம் கழித்து என் மருமான் அதைப் பார்த்துச் செய்ய முடிகிறதென்றால் அதுதான் காரணம்.

ஆனால், கிட்டுடன் வந்த விளக்கம் ஒரே ஒரு காகிதம். அதில் ஒரு படம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மிச்சிகனிலிருந்து 'ஹீத்கிட்' என்று வரும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வாக்கியம், முடித்ததும் பென்ஸிலால் குறிபோட ஒரு கட்டம் என்று குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி புஸ்தகம் போட்டிருப்பார்கள். இங்கே அந்தக் கரிசனம் கிடையாது.

முதல் நாள் முழுவதும் ரெஸிஸ்டர் பொறுக்குவதிலேயே போயிற்று. அரிசி பருமன் சாமானில் வர்ணக் கோடு போட்டிருக்கும். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 1 லக்ஷம் ஓம். மஞ்சளுக்குப் பதில் பச்சை என்றால் 10 லக்ஷம். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பையனுக்கும் சந்தேகம். அவன் மனைவி வந்து உட்கார்ந்து, கல் பொறுக்குகிற மாதிரி பத்து நிமிஷத்தில் பிரித்து வைத்துவிட்டாள். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பில்லை. "புடவைக் கடையில் நின்று பழகின கண், மாமா" என்றாள்.

இரண்டாம் நாள் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. பற்றிய இடம் பளபளவென்று இருந்தால் சரி. சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக இருந்தால் சந்தேகம், மறுபடியும் சூடு காட்டவேண்டும். வால்வைச் சூடாக்குகிற 6.3 வோல்ட் கம்பிகள் இரண்டையும் பின்னல்போல் முறுக்கி மூலையோடு ஒட்டிக் கொண்டுபோகவேண்டும். இல்லாவிட்டால் பாட்டுக்குப் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும்.

அன்று ராத்திரி சென்னையிலிருந்து என் தங்கை போன் பண்ணினாள். அவளுக்கு இவன் ஒரே பிள்ளை.

"அண்ணா, ஏதோ கரண்ட் சமாசாரமாமே? நீ பக்கத்திலே இருந்து பார்த்துக்கோ" என்றாள்.

"பைத்தியமே! பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் கையே வைக்கிறான். பயப்படாதே" என்று தைரியம் சொன்னேன்.

இந்த வார்த்தையை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் மின்சாரம் கொடுக்கிற வைபவம். எடுத்த எடுப்பில் நேராகக் கொடுக்கக்கூடாது. வழியில் ஒரு குண்டு பல்பைப் போட்டு, அதன் வழியாகக் கொடுக்கவேண்டும். உள்ளே எங்கேயாவது தப்பான இணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்; டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பல்புக்கு எங்கே போவது? 2023 முதல் அமெரிக்காவில் சாதாரணக் குண்டு பல்பு விற்பனை கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டது. கடைசியில் பையன் சமையலறை அவனுக்குள் இருந்த 40 வாட் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்குப் பார்த்து அவள் கேக் வைத்திருந்தாள்! அந்தச் சண்டையை விவரிக்க இங்கே இடமில்லை.

முதலில் வால்வே இல்லாமல் கொடுத்தான். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கிவிட்டது. நல்ல சகுனம். பிறகு, மாறி மாறிப் பாயும் மின்சாரத்தை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிற வால்வை மட்டும் செருகிக் கொடுத்தான். மீட்டரில் நானூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பையனுக்கு ஒரே குதூகலம். ஸ்விட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். "அந்த ஒரு இடத்திலே ஈயம் சரியாப் பிடிக்கலை, மாமா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கையைக் கொண்டுபோனான்.

"எடுடா கையை!" என்று நான் போட்ட கூச்சல் எனக்கே அன்னியமாக இருந்தது.

திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். தரையில் கிடந்த பிளக்கையும் பார்த்தான்.

"பிடுங்கியாச்சே, மாமா?"

"மீட்டரை வைத்துப் பார்."

வைத்தான். 390 வோல்ட்!

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே மோட்டாரை நிறுத்திவிட்டால் தொட்டி காலியாகிவிடுமா? கண்டென்ஸர் என்பது அந்தத் தொட்டி. மற்ற இரண்டு வால்வும் செருகியிருந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிடும். அவை இல்லாதபோது குழாயெல்லாம் மூடிய தொட்டிதான்; எத்தனையோ நேரம் அப்படியே நிற்கும். தானாக வடிந்துபோக ஒரு ரெஸிஸ்டரைச் சேர்த்துவைக்கிறவர்களும் உண்டு. பழைய சாம்ப் படத்தில் அது கிடையாது. படத்தை அப்படியே பார்த்துச் செய்த இவன் பெட்டியிலும் இல்லை.

வாலிபத்தில் நான் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் பொழுது போக்கியதுண்டு. அங்கே இருந்த மெக்கானிக் இப்படித்தான் ஒரு நாள் ஸ்டூலோடு சுவரில் போய் விழுந்தார். அரைமணி நேரம் பேச்சு வரவில்லை. அதற்கப்புறம் அவர் ரேடியோவுக்குள் வலது கையை விடும்போதெல்லாம் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்குகிற மின்சாரம் மார்பு வழியாகத்தானே போகவேண்டும்?

இதெல்லாம் எனக்குத் தெரியும். பெட்டி வந்த அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் என்ஜினீயர், கிழவன் தொணதொணக்கிறான் என்று நினைப்பானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, தங்கைக்கு வேறு பிளக் சமாசாரம் சொல்லித் தைரியம் கொடுத்தேன்!

பத்தாயிரம் ஓம் ரெஸிஸ்டர் ஒன்று, தடிமனாக 5 வாட் தாங்குவது. இரு முனையிலும் உறைபோட்ட கிளிப் வைத்த கம்பி. ஒரு கிளிப்பைத் தகரத் தட்டில் கடிக்கவிட்டு, மற்றதைக் கண்டென்ஸரின் கூட்டல் முனையில் வைக்கச் சொன்னேன். ஒரே கையால். மெக்கானிக்குகள் செய்கிற மாதிரி திருப்புளியை வைத்துப் 'பட்'டென்று வெடிக்கவிடுவது உதவாது. மீட்டர் முள் கிடையாது, எண்தான். 390 மளமளவென்று சரிந்தது. கால் நிமிஷம் அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அவன் எடுக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பாக்கியுள்ள வால்வுகளை மறுநாள்தான் செருகினோம். சூடேறியது. உடனே ஒரு ஊளை! தெருக்கோடி வரையில் நாய்கள் பதில் சொல்லியிருக்கும். பையன் பதறி அணைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இது தெரிந்த வியாதி. ஸ்பீக்கருக்குப் போகிற ஒலியில் துளியைத் தலைகீழாகத் திருப்பி முன்னால் உள்ள வால்வுக்கு அனுப்புவார்கள். அது, "ஏன்னா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்று அடக்குகிற மனைவி மாதிரி. இரண்டு கம்பி இடம் மாறிப்போனால், அதே மனைவி "சபாஷ், இன்னும் உரக்க!" என்று கிளப்பிவிடுகிறாள். வீடு என்ன ஆகும்? கம்பிகளை மாற்றிப் பற்றவைக்கவேண்டியதுதான்.

பையன் பிளக்கைப் பிடுங்கினான். கிளிப்பை மாட்டினான். மீட்டரைப் பார்த்தான். அவன் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கிடாரைச் செருகினான். திருகு பாதி வரை இருக்கிறபோது மணி மாதிரி சுத்தமான நாதம். அதற்குமேல் திருப்பினால் சமாசாரம் வேறு. 5 வாட்டுக்குமேல் அதனால் கொடுக்க முடியாது. தாழ்ந்த நிலைப்படியில் உயரமான ஆள் நுழைகிறாற்போல் ஒலியின் தலை இடிபடுகிறது. என்ஜினீயர்கள் இதைக் கோளாறு என்றார்கள். கிடார்க்காரர்களுக்கோ அந்தக் கரகரப்புத்தான் அமிர்தம். எரிக் கிளாப்டன் 1970-இல் 'லேலா' இசைத்தட்டுக்கு வாசித்தபோது பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு இந்தக் குட்டிச் சாம்பைத்தான் வைத்துக்கொண்டார் என்று மருமான் மூச்சுவிடாமல் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பிடித்திருந்தது. வெல்லப்பாகு முற்றி லேசாகக் கருகுகிறபோது ஒரு வாசனை வருமே, அந்த மாதிரி.

ராத்திரி தங்கை போன் வந்தது. ஊளையிட்ட கதையைச் சொன்னேன். 390-ஐச் சொல்லவில்லை. பையன் போனை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைத்துவிட்டு, திருகைக் கடைசிவரை திருப்பி ஐந்து நிமிஷம் வாசித்தான்.

"எப்படிம்மா இருக்கு?"

"நன்னா இருக்குடா. ஆனா ஸ்பீக்கர் கிழிஞ்சு போயிருக்கே, அவனுக்குத் திருப்பி அனுப்பி வேறே வாங்கிக்கோயேன்!" என்றாள்.