பால் மறக்கடிப்பும் பன்னிரண்டு மணி ஷிப்டும்

சோமனூர்ப் பக்கம் தறிக் குடோன்களை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். தறிச் சத்தத்துக்குப் பழகிய மனிதன் அதிலேயே நிம்மதியாகத் தூங்கிவிடுவான். ஆனால் பால் மறக்கடித்த குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தால், அந்த லைனில் ஒருவரும் கண் மூட முடியாது. சென்ற மாதம் ஒரு தோழர் வீட்டில் தங்கிய நாம் இதை நேரில் கண்டோம்.

குழந்தைக்குப் பத்து மாதம். நள்ளிரவில் தொடங்கிய அழுகை கோழி கூவும்வரை ஓயவில்லை. தகப்பன் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டப் போயிருந்தார். தாய் காலை எட்டு மணிக்குத் தார் சுற்றப் போகவேண்டும். மூன்று நாள் முன்புதான் மார்பில் வேப்பெண்ணெய் தடவி, ஒரே நாளில் பாலை நிறுத்தியிருக்கிறார்கள். "பால நிறுத்துனா ராத்திரிக்குத் தூங்கும்னு சொன்னாங்க. இப்ப இருந்த தூக்கமும் போச்சுங்க" என்றார் அந்தத் தாய். "இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலைங்க" என்றார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார்.

இது உண்மையா? அல்ல என்று நாம் அடித்துச் சொல்கிறோம். அந்தத் தாய்க்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவருக்கு இல்லாதது நேரம்.

பிறந்து ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. நான்கு முதல் பதினொரு மாதம்வரையுள்ள குழந்தை பகலும் இரவுமாக 12 முதல் 16 மணி நேரம் தூங்கவேண்டும். ஆனால் ஒரே மூச்சில் தூங்காது. பல் முளைக்கும்போது எழும். தாயைக் காணோமே என்று எழும். பகல் முழுதும் தார் சுற்றும் இடத்தில் இருக்கும் தாயை, இரவில்தானே அது கண்டுகொள்கிறது! அந்த நேரம் பார்த்து மார்பில் கசப்பைத் தடவினால் பிள்ளை அலறாமல் என்ன செய்யும்?

பால் மறக்கடிப்பது குற்றமல்ல. அவசரமாகச் செய்வதுதான் கெடுதல். ஒரு நாளில் கொடுக்கும் பாலில் ஒரு வேளையை மட்டும் முதலில் நிறுத்துங்கள். நாலைந்து நாள் போகட்டும்; குழந்தை பழகியதும் அடுத்த வேளை. பகல் பாலை முதலில் குறைத்து, ராத்திரிப் பாலைக் கடைசியாக நிறுத்துவது நல்லது. இதனால் தாய்க்கும் நன்மை உண்டு. ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரும். சாயங்காலம் ராகிக் கூழோ, நன்றாக மசித்த பருப்புஞ்சோறோ, முட்டையோ கொடுங்கள். அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு தருகிறார்கள்; அது யாருடைய தர்மமும் அல்ல, போய் வாங்குங்கள். டீயில் நனைத்த வரிக்கி குழந்தையின் ஆகாரமாகாது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பாலை மறக்கட்டும் என்று அமுச்சி வீட்டில் கொண்டுபோய் விடுவது, பாலோடு தாயையும் சேர்த்துப் பறிக்கிற காரியம்.

தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை தாயின் மடிக்கு வந்தாலே பாலைத்தான் தேடும். தகப்பன் தோளில் போட்டுத் தட்டினால் சீக்கிரம் அடங்கும். கூட்டத்தில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் தோழர்களை நாம் அறிவோம். தொட்டிலை ஆட்டினால் மீசை உதிர்ந்துவிடாது!

மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கி, தூங்கட்டுமென்று ஒரு மூடி ஊற்றும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. இதை உடனே நிறுத்தவேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், இருமலுக்கென்று கொடுத்த மருந்திலேயே நஞ்சு கலந்திருந்து, குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தார்கள். அந்த மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில். இருமலுக்கே டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றால், தூக்கத்துக்குக் கொடுக்கலாமா?

இந்தப் பழக்கம் இன்று வந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 1931இல் வெளியான ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கையிலும் இது இடம்பெற்றிருக்கிறது. அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் மருந்து மில் தொழிலாளர் வீடுகளில் புழங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வராமல் லங்காஷயர் மில்கள் நின்றபோது, நிலைமையைப் பார்த்துவர சர்க்கார் டாக்டர் எட்வர்ட் ஸ்மித்தை அனுப்பியது. பெண்களுக்கு இப்போது குழந்தைக்குப் பால் கொடுக்க அவகாசம் கிடைத்திருக்கிறது, அபின் மருந்து கொடுப்பது நின்றது என்று அவர் எழுதினார். மார்க்ஸ் இதை 'மூலதனம்' நூலில் எடுத்துக் காட்டுகிறார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் பிள்ளைக்கு மட்டும் பால் கிடைத்தது! 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகள் நின்றபோது, "கையில காசில்லீங்க, ஆனா பையன் நல்லாத் தூங்குனான்" என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னதுண்டு. அப்போது நாமும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம். 2017 திருத்தம் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. பெரிய மில்லில் இருக்கும் பெண் இதைக் கேட்டு வாங்கலாம், கேட்கவும் வேண்டும். நாலு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் தறிக் குடோனுக்கு? பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தின் வாசலிலேயே இந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. பக்கத்துக் காட்டில் களை வெட்டும் பெண்ணையோ அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

குடோன் ஒவ்வொன்றிலும் தொட்டில் கட்டு என்று கேட்டால், தானே கூலிக்கு நெய்து கொடுக்கும் சின்னத் தறிக்காரர் கையை விரிப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே பாவு நூல் கொடுத்துத் துணி வாங்கும் ஜவுளி உற்பத்தியாளர்களும் சர்க்காரும்தான் பொறுப்பேற்கவேண்டும். அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்த மத்திய சர்க்காருக்குப் 'பால்னா' என்ற திட்டமே இருக்கிறது; ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். பத்து லைன் வீட்டுக்கு ஒன்று இப்படி இருந்தால், தாய் நடந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். பகலில் வயிறும் மனமும் நிறைந்த குழந்தை இரவில் இத்தனை தேடாது.

இதை நாம் இதுவரை கேட்டோமா? நம்மிடமுள்ள பழைய கோரிக்கை மனுக்களைப் புரட்டிப் பார்த்தோம். கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது, மின்கட்டணம்கூட இருக்கிறது. காப்பகம் ஒரு மனுவிலும் இல்லை. மனு எழுதியவர்களில் நாமும் ஒருவர். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். குழந்தை அழும் என்று பெண்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தை வார விடுமுறை நாளில், பகலிலேயே, லைன் வீட்டு வாசலில் வைக்கப்போகிறோம். குழந்தைகளையும் தூக்கி வாருங்கள். அழுதால் அழட்டும், பேசுகிறவர் கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்.