உதட்டுச் சாயமும் ஊர்ச் சட்டமும்

"சேரிக்காரிக்கு லிப்ஸ்டிக் ஒரு கேடா?" இந்த வார்த்தையைக் காதில் வாங்காமல் நம்ம பெண்கள் யாரும் வளர்ந்ததில்லை. பஸ்ஸில் ஊர்க்காரன் கேட்கிறான். வேலை செய்யிற எடத்துல மேஸ்திரி கேட்கிறான். வீட்டில் அப்பனும் அண்ணனும் கேட்கிறார்கள். இயக்கத் தோழர்கள் கொஞ்சம் நாகரிகமாக, 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று பெயர் வைத்துக் கேட்கிறார்கள். கேள்வி என்னவோ ஒன்றுதான்.

வாரச்சந்தையில் இருபது முப்பது ரூபாய்க்கு விற்கிற உதட்டுச் சாயத்திலும் புருவப் பென்சிலிலும் என்ன அரசியல் இருக்கிறது, விடுதலை பேசுகிற பத்திரிகையில் இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் முதலில் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டட்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மார்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

பொன்னையும் வெள்ளியையும் தடுத்தது இருக்கட்டும். ஒரு முழம் பூ என்ன விலை? ஒரு கொம்பு மஞ்சள் என்ன விலை? அதற்கு ஏன் ஊர்கூடிச் சட்டம் போட வேண்டும்? அலங்காரம் பண்ணிக்கிறவ கண்ணாடி பார்க்கிறாள். கண்ணாடி பார்க்கிறவள் தன்னை ஒரு ஆளாகப் பார்க்க ஆரம்பிக்கிறாள். அப்படி ஆரம்பித்தவளைப் பண்ணையில் அடித்து வேலை வாங்குவது கஷ்டம். ஆதிக்கச் சாதிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம்ம தோழர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

பாபாசாகேப்புக்குப் புரிந்திருந்தது. 1927 டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த அதே மகாத் மாநாட்டில், அவர் பெண்களை உட்கார வைத்துப் புடவையைப் பற்றியும் நகையைப் பற்றியும் பேசினார். தீண்டத்தகாதவள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீர்கள், கழுத்தும் கையும் நிறையப் போட்டிருக்கிற அந்தக் கனத்த வெள்ளி, தகர நகைகளைக் கழற்றி எறியுங்கள், போட்டால் தங்கம் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். உடம்பில் என்ன போடுவது என்பது சின்ன விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளை எரித்தார்கள். அதற்கப்புறம் மேடை ஏறி என்ன சொன்னார்கள்? நம்ம பையன்கள் ஜீன்ஸ் போட்டு, டி-ஷர்ட் போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டி அவங்க வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார்கள். கூலிங்கிளாஸ் போட்டதற்கே இத்தனை கோபம் வந்தது.

2024இல் சென்னை மாநகராட்சியில் என்ன நடந்தது? மேயருக்குத் தஃபேதாராக இருந்த முதல் பெண்ணை மணலிக்கு மாற்றினார்கள். லிப்ஸ்டிக் பூச வேண்டாம் என்று சொல்லியும் பூசியதுதான் காரணம் என்றார் அந்தப் பெண். அது காரணமே இல்லை, வேலையில் குறை என்றது எதிர்த்தரப்பு. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் லிப்ஸ்டிக் பூசக் கூடாது என்று எந்த அரசாணை சொல்கிறது, காட்டுங்கள் என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வியை நம்ம புள்ளைங்க ஒவ்வொருத்தியும் மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த மேயர் சென்னையின் முதல் தலித் பெண் மேயர். நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் இந்தக் கேள்வியை முழுங்கிவிட முடியாது.

நான் தங்கிப் படித்த விடுதியில் காலையில் வரிசையில் நிற்க வைத்து வார்டன் எங்கள் உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். சாயம் ஒட்டினால் அன்றைக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு புள்ளைக்கு உதடே அந்த நிறம். துடைத்துத் துடைத்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். "படிக்க வந்தியா, மினுக்க வந்தியா?" என்பார். ரெண்டுக்கும்தான் வந்தோம் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தோழர்களின் வாதத்துக்கு வருகிறேன். 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது இடதுசாரிகளும் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தார்கள். பண்பாடு கெட்டுப்போகிறது என்று இந்துத்துவக் கூட்டமும் எதிர்த்தது. பன்னாட்டுக் கம்பெனிகள் அழகை வைத்துச் சந்தை பிடிக்கின்றன என்ற விமர்சனத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த விமர்சனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டட வேலைக்குப் போகிற ஒருத்தியின் சுருக்குப்பையில் இருக்கிற பென்சிலைப் பிடுங்காதீர்கள். கம்பெனியை மறியல் பண்ணுங்கள், நாங்களும் வருகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், சாயம், அவ்வளவுதான். அந்த எண்ணெயில் முக்கியமானது நம்ம விளக்கெண்ணெய். உலகத்திலேயே ஆமணக்கு அதிகமாக விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். பளபளப்புக்குச் சேர்க்கிற மைக்காவை ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிதி பக்கம் குழந்தைகள் உட்பட ஏழைக் குடும்பங்கள் குழியில் இறங்கிப் பொறுக்குகின்றன. காட்டிலும் குழியிலும் உழைக்கிறவள் கை அதில் படலாம், உதட்டில் மட்டும் படக் கூடாதா?

புருவப் பென்சிலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. நம்ம ஆளுக்கு முடிவெட்ட மறுக்கிற கடை உள்ள ஊர் இன்றைக்கும் இருக்கிறது. பியூட்டி பார்லரில் நாற்காலி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பென்சிலுக்கு எவன் அனுமதியும் வேண்டாம். குடிசையில் ரசம்போன கண்ணாடித் துண்டு போதும்.

அதற்காக விற்கிற எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. அந்த மாதிரி கிரீம் உன் தோலே தப்பு என்கிறது. உதட்டுச் சாயம் அப்படிச் சொல்வதில்லை. இருக்கிற முகத்தின் மேல் நீயாக ஒரு கோடு போடுகிறாய். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஆனாலும் 'நியூட்' என்று ஒரு சாயம் விற்கிறார்களே, வெறும் உடம்பின் நிறம் என்று அர்த்தம், அது யாருடைய உடம்பு? கருத்த உதட்டில் சாம்பல் பூசின மாதிரி நிற்கிறது. மாநிறத்துக்கும் கருப்புக்கும் பொருந்துகிற சாயங்கள் மலிவு விலையில் வர வேண்டும்.

மலிவு என்றதும் நஞ்சைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் முகத்தை வெளுப்பாக்கும் 32 கிரீம்களைச் சோதித்தது, 14இல் பாதரசம். 30 லிப்ஸ்டிக்குகளில் 15இல் குரோமியம், 13இல் நிக்கல். பேர்போன கம்பெனிச் சரக்குகளையும் எடுத்துப் பார்த்த சோதனை இது. அங்கேயே இந்தக் கதி என்றால், பேரும் ஊரும் இல்லாமல் திருவிழாவில் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்கிற சரக்கை யார் சோதிப்பது? அழகுப் பொருள்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்க்கிற சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் போகக் கூடாது. விதி ஏட்டில் இருக்கிறது. உதட்டில் பூசியது சோற்றோடும் டீயோடும் வயிற்றுக்குள் போகிறது. ஈயம் கொஞ்சமாக உள்ளே போனாலும் கெடுதல்தான். வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் அது விடாது.

உடனே "அதான் பூசாதேன்னு சொன்னோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். கலப்படம் இருக்கிறது என்று யாரும் நம்மைச் சோறு தின்ன வேண்டாம் என்று சொல்வதில்லை. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஏட்டில்தான் அவ்வளவு. அந்தக் கூலி வாங்குகிறவள் நல்ல சாயம் வேண்டுமென்றால் இரண்டு நாள் கூலியைக் கொடு, இல்லாவிட்டால் நஞ்சைப் பூசு என்பது என்ன நியாயம்?

வாங்குகிற நம்ம பெண்கள் ஒன்று செய்யலாம். டப்பாவில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உதட்டுக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கெட்ட வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரே பென்சிலை நாலு பேர் தீட்டாதீர்கள், கண்நோவு தொற்றும்.

மீதியை அரசு செய்ய வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் வந்து சரக்கை எடுத்துச் சோதிக்கட்டும். கடைபோட்டு வயிறு கழுவுகிறவனை விரட்டுவதற்குப் பதில், தயாரித்து அனுப்புகிறவனைப் பிடிக்கட்டும். அட்டையில் உள்ள விவரங்களைத் தமிழில் போட வைக்கட்டும். மகளிர் குழுக்களுக்கு ஊறுகாயும் அப்பளமும் போடக் கற்றுக்கொடுக்கிற அரசு, முறையான உரிமத்தோடு நல்ல சாயம் தயாரிக்கவும் கற்றுக்கொடுக்கட்டும்.

புருவத்தை எப்படித் தீட்டுவது, உதட்டுக்கு எந்த நிறம் என்பதை எங்க புள்ளைங்க முடிவு பண்ணிக்குவாங்க. அதில் ஈயம் எவ்வளவு என்பதை அரசாங்கம் பார்க்கட்டும்.