மேசைக்குக் கீழே ஒரு விருந்தாளி



கடந்த யூன் மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். முகவாய் நரைத்து, ஒரு கண்ணில் புரை விழுந்த ஒரு கிழ நாய். வயது 12 இருக்கலாம் என்றார் மிருக வைத்தியர். வந்தவுடன் குசினி மேசைக்குக் கீழே புகுந்தது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. பிள்ளைகள் அதற்கு 'நோன்னோ' என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் தாத்தா.

இங்கே 'ஸ்தாலோ' என்று ஒரு வழக்கம் உண்டு. நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில கிழமைகளோ மாதங்களோ நம் வீட்டில் வைத்துப் பார்ப்பது. 1991-ஆம் ஆண்டின் 281-ஆம் இலக்கச் சட்டப்படி, தீராத கடும் நோய் உள்ளவற்றையும் ஆபத்தானவை என்று நிரூபிக்கப்பட்டவற்றையும் தவிர, தெருநாய்களை இத்தாலியில் கொல்ல முடியாது. நல்ல சட்டம். ஆனால் காப்பகத்துக்கு வருகிறவர்கள் குட்டிகளைத்தான் தேடுகிறார்கள். கிழ நாய்கள் கூண்டிலேயே வருடக்கணக்காக இருந்துவிடுகின்றன. அதனால்தான் ஒன்றையாவது கூட்டிவருவோம் என்று நினைத்தோம்.

மாமாவுக்கு விருப்பமில்லை. "பிள்ளை, மூண்டாம் மாடியிலை நாயை எங்கை கட்டுறது?" என்று கேட்டார். ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு லிப்ட் கிடையாது. மூட்டுவலியுள்ள நாயைப் படியில் தூக்கித்தான் ஏற வேண்டும். அவர் கேட்டது நியாயம்தான்.

முதல் கிழமை நாங்கள் செய்தது எல்லாம் பிழை. எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். மகன் கையை உள்ளே நீட்டினான், அது உறுமியது. நாங்கள் நாயைப் பேசினோம். பிறகு மிருக வைத்தியர் சொன்னார்: உறுமுவது கெட்ட குணமல்ல, எச்சரிக்கை. அதற்குத் தண்டித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உதட்டை நக்குவது, நித்திரை இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, அசையாமல் உறைந்து நிற்பது எல்லாம் பயத்தின் பேச்சு. நாங்கள் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் தாதிமார் நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். சாப்பாட்டைத் தள்ளிவிடும், ஊசி போட விடாத வயதானவரைப் 'பிடிவாதக்காரர்' என்று எழுதிவிடுவது லேசு. அருகே போய்க் கேட்டால் வலி இருக்கும், அல்லது காது கேட்காமல் இருக்கும். நோன்னோவுக்கும் அப்படியே. இரண்டு பல் பழுது, ஒரு காது மந்தம். பின்னால் போய்த் தொட்டால் அது துள்ளி விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

அதன்பின் முறையை மாற்றினோம். வழுக்கும் தரையில் பாய் விரித்தோம். சாப்பாட்டை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துவிட்டு விலகினோம். கிட்ட இருக்கும்போது பக்கவாட்டாக, கண்ணைப் பார்க்காமல், தரையில் அமர்ந்தோம். கை நீட்டவில்லை, அது வந்து மணந்து பார்க்கட்டும் என்று விட்டோம். வெளியே போகும்போது கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சுப் பட்டி போட்டோம். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டி கழன்றுவிடும். புதிதாக வந்த நாய் தப்பி ஓடுவதுதான் பெரிய ஆபத்து. எங்கள் கறிச்சட்டியில் இருந்து எதுவும் கொடுக்கவில்லை. வெங்காயம், உள்ளி, முந்திரிகை வத்தல், சொக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு. நாம் வலிக்குப் போடும் இபுபுரோஃபனும் அப்படியே. சிசிலியில் மணல் ஈ கடித்து லீஷ்மேனியா நோய் வருவதால் இரத்தமும் சோதித்து, ஈயைத் துரத்தும் பட்டியும் போட்டோம்.

பதினெட்டாம் நாள், இரவு வேலை முடிந்து வந்து தரையில் சாய்ந்திருந்தபோது, முழங்காலில் ஒரு ஈரமான மூக்கு பட்டது. அசையாமல் இருந்தோம். அது திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

யூலை 14 வந்தது. 1624-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் நினைவாகப் பலெர்மோ கொண்டாடும் பெரிய திருவிழா இரவு. கடற்கரையில் நள்ளிரவில் வாணவேடிக்கை. வெடிச்சத்தம் எங்கள் சன்னல்களையும் அதிர வைக்கும். மிருக வைத்தியரிடம் மருந்து கேட்டுவைக்க மறந்துவிட்டோம். முதல் வெடியோடு நோன்னோ சுவரோடு ஒட்டி நடுங்கத் தொடங்கியது. மாமா எழுந்து, சன்னல் இல்லாத சாமான் அறையில் தன் போர்வையை விரித்து, அதன் பக்கத்தில் இருந்தார். "நீங்கள் போய்ப் படுங்கோ. நான் இதோடை இருக்கிறன்."

ஒவ்வொரு வருடமும் அந்த இரவில் மாமா எங்கே இருப்பார் என்று நாங்கள் கேட்டதில்லை. ஊரில் பங்கருக்குள் ஷெல் சத்தம் கேட்டு இருந்த மனிதர். தனக்கு நித்திரை வராது என்று மட்டும் சொல்வார். நாங்கள் வாணவேடிக்கை பார்க்கப் போய்விடுவோம். நாயின் பயத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டிலிருந்த மற்றப் பயமும் கண்ணில் பட்டது. அதற்காக வெட்கப்பட்டோம். அடுத்த யூலையில் நாங்களும் வீட்டில் இருப்போம்.

லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் லாசருவின் அருகே யார் வந்தது என்று பாருங்கள். நாய்கள்தான். மனிதர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செப்டெம்பரில் நகருக்கு வெளியே தரைமாடி வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் நோன்னோவை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் அழுதார்கள். மாமா அழவில்லை, அந்தப் போர்வையை மடித்து எங்கள் கையில் தந்தார். "கழுவாமல் குடு பிள்ளை. மணம் இல்லாட்டில் அங்கை பயப்படும்."

தம்பி தங்கைகளே, எல்லோராலும் நாய் எடுக்க முடியாது; வீடும் நேரமும் வேண்டும், பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஆனால் இந்த மாதம் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் எந்தச் சத்தத்துக்கு யார் எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். கேள்வி கேட்க வேண்டாம். பக்கத்தில் போய் இருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.