பூட்டு அப்படியே இருக்கிறது... துப்பாக்கி எங்கே? ராணுவ ஆயுத அறையில் கணக்குதான் காவல்!

2023 ஏப்ரல் 12. பஞ்சாப் மாநிலம் பட்டிண்டா ராணுவ முகாம். அதிகாலை நாலரை மணிவாக்கில், பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். மற்ற இருவர் தமிழ்நாடு: ஒருவருக்குச் சேலம் மாவட்டம், இன்னொருவருக்குத் தேனி மாவட்டம்.

முகமூடி போட்ட இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் கோடாரி என்று முதலில் ஒரு சாட்சி சொன்னார். தேசம் முழுக்கப் பரபரப்பு. ஆனால் அதே நாளில் ராணுவம் சொன்ன இன்னொரு தகவலைப் பலர் கவனிக்கவில்லை. அந்த யூனிட்டில் இருந்து ஓர் இன்சாஸ் துப்பாக்கியும் 28 தோட்டாக்களும் இரண்டு நாளுக்கு முன்பே காணாமல் போயிருந்தன.

ஐந்து நாள் கழித்துக் கைதானவர் அந்தச் சாட்சியேதான். அதே யூனிட் வீரர். ராணுவம் வெளியிட்ட தகவலின்படி, ஏப்ரல் 9 காலையில் துப்பாக்கியைத் தோட்டா நிரப்பிய மேகசினோடு திருடி ஒளித்து வைத்தார். 12-ம் தேதி சென்ட்ரி டியூட்டியில் இருந்தபோது அதை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த நான்கு பேரையும் சுட்டார். பிறகு துப்பாக்கியைக் கழிவுநீர்க் குழியில் போட்டுவிட்டார். காரணம், தனிப்பட்ட பகை.

திருட்டுக்கும் கொலைக்கும் நடுவே மூன்று நாள். நிரப்பிய துப்பாக்கி ஒன்று முகாமுக்குள் எங்கோ கிடக்கிறது. அதை எடுத்தவரும் உள்ளேயே இருக்கிறார், காவலுக்கும் நிற்கிறார். பூட்டு, மதில், முள்வேலி, வாசலில் ஐ.டி. கார்டு சோதனை... இது எதுவும் அந்த மூன்று நாளில் பயன்படவில்லை. இவை எல்லாமே வெளியாளைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை.

‘கோத்’ என்றால் என்ன?

நம் ராணுவத்தில் ஆயுத அறைக்குப் பெயர் ‘கோத்’. அதைப் பார்த்துக்கொள்பவர் கோத் என்.சி.ஓ. காலையில் பயிற்சிக்கோ காவலுக்கோ போகும் வீரர் அங்கே வரிசையில் நின்று ஆயுதம் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்திய ராணுவத்தின் உள் ஆணைகள் வெளியிடப்படுவதில்லை. அமெரிக்க ராணுவத்தின் விதிமுறைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். ஆயுதப் பாதுகாப்புக்கான விதிநூலின் பெயர் ஏ.ஆர். 190-11. படிக்கப் படிக்க ஒன்று புரியும்: எழுதியவர்கள் எதிரி நாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை, சொந்த ஆட்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கதவு, பூட்டு, அலாரம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். அறைக்கு உள்ளேயும் துப்பாக்கிகள் சும்மா சாய்த்து வைக்கப்படுவதில்லை. ரேக்கில் வைத்து ரேக்கையும் பூட்ட வேண்டும். அந்த ரேக் 500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 227 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்தோடு சேர்த்து முடுக்க வேண்டும், இல்லையென்றால் பல ரேக்குகளை ஒன்றாகப் பிணைக்க வேண்டும். ஏ.டி.எம். மெஷினையே பெயர்த்துக்கொண்டு போகிற ஊர்க்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் அவர் பெயரும் அவருக்கான துப்பாக்கியின் எண்ணும் இருக்கும். அட்டையைக் கொடுத்தால்தான் துப்பாக்கி. துப்பாக்கி வெளியே இருக்கும்வரை அட்டை உள்ளே இருக்கும். ஆக, ரேக்கில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதற்கு ஈடாக ஓர் அட்டை இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அந்த நிமிடமே கேள்வி எழும். கம்ப்யூட்டர் வேண்டாம், ஆப் வேண்டாம். கோவில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே முறைதான்.

சாவிக்குத் தனி ரிஜிஸ்டர். யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சாவி தொலைந்தால் தேடிக்கொண்டிருக்காமல் பூட்டை மாற்றிவிட வேண்டும்.

யார் எண்ணுவது?

இதையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆயுதங்களையும் சீரியல் எண் வாரியாகச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்பவர் ஆயுத அறைப் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. போன மாதம் எண்ணியவரே இந்த மாதமும் எண்ணக் கூடாது.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோடு எழுதியவரே அதை அப்ரூவ் செய்ய முடியாது. வங்கியில் கேஷியர் தன் கல்லாவைத் தானே ஆடிட் செய்ய முடியாது. பொறுப்பாளர் திருடர் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஒன்றை மனிதக் கண் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ‘நேற்று 100 இருந்தது, இன்றும் 100 இருக்கும்’ என்று கை தானாக டிக் போட்டுவிடும்.

சரி, எண்ணிக்கை போதாதா, சீரியல் எண் எதற்கு? கேரளத்தைப் பார்த்தால் தெரியும்.

2020 பிப்ரவரியில் கேரள சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படைப் பட்டாலியனில் 25 இன்சாஸ் துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் குறைகின்றன என்றது. இது காவல்துறைப் பிரிவுதான். ஆனால் ஆயுதம் ராணுவம் பயன்படுத்துகிற அதே ரகம். மாநிலமே ஆடிப்போனது. சில நாட்களில் குற்றப்பிரிவு போலீஸார் துப்பாக்கிகளை வெளியே வைத்து ஒவ்வொன்றாக எண் பார்த்தார்கள். மொத்தம் 660-ல் 647 அங்கேயே இருந்தன. மீதி 13 துப்பாக்கிகள் மணிப்பூருக்குப் போயிருந்த பட்டாலியனிடம் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை என்றது குற்றப்பிரிவு.

அப்பாடா என்று மூச்சுவிடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். ரிஜிஸ்டர்களில் அடித்தல் திருத்தல், வெள்ளை மை பூசிய பதிவுகள் என்று சி.ஏ.ஜி. எழுதியிருந்தது. துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதையே கணக்குப் புத்தகம் சொல்லவில்லை என்றால், நாளை நிஜமாகவே ஒன்று போனாலும் அது சொல்லப்போவதில்லை. தோட்டா விஷயம் இன்னும் மோசம். 250 தோட்டாக்கள் இருக்க வேண்டிய இடத்தில் போலித் தோட்டாக்கள் வைக்கப்பட்டிருந்தன. தலையை எண்ணினால் கணக்கு சரி. கையில் எடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கூடுதலாக இருந்தாலும் ஆபத்து!

குறைந்தால் தப்பு, சரி. அதிகமாக இருந்தால்?

ஜெர்மனியின் சிறப்புப் படையான கே.எஸ்.கே. 2020-ல் பெரிய சிக்கலில் மாட்டியது. சுமார் 48,000 தோட்டாக்களுக்கும் 62 கிலோ வெடிபொருளுக்கும் கணக்கு இல்லை. தீவிர வலதுசாரி ஆட்கள் அந்தப் படைக்குள் இருந்தது ஏற்கெனவே அம்பலமாகியிருந்தது. அதனால் யாரும் இதை வெறும் குமாஸ்தா பிழை என்று ஒதுக்க முடியவில்லை. பாதுகாப்பு அமைச்சராக இருந்த அன்னெக்ரெட் கிராம்ப்-கேரன்பவர் படையின் ஒரு கம்பெனியையே கலைத்தார்.

அதற்கு முன்பே படைத் தலைமை இன்னொரு வேலை செய்திருந்தது. தோட்டாவைக் கொண்டுவந்து போடுங்கள், பெயர் கேட்க மாட்டோம் என்று சொல்லிப் பெட்டி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. கணக்கில் குறைந்ததை விடவும் அதிகமாக! பிறகு விஷயம் வெளியே வந்ததும், திருடியவருக்கு மன்னிப்பா என்று கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் கூடுதல் தோட்டாக்கள் எங்கிருந்து வந்தன? உலகத்தில் எந்தப் படையை எடுத்தாலும் பதில் ஒன்றுதான். ஃபயரிங் ரேஞ்சில் 500 ரவுண்டு சுட்டதாக எழுதுவார்கள். சுட்டது 460. மீதி 40 ஒரு டப்பாவுக்குள் போகும். ஏன்? அடுத்த மாதம் கணக்கில் 10 குறைந்தால் விசாரணை, விளக்கம், சம்பளப் பிடித்தம் என்று அலைய வேண்டியிருக்கும். டப்பாவில் இருந்து 10 எடுத்து வைத்துவிட்டால் எல்லாம் சுபம். இப்படிச் சேர்க்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த டப்பா கெட்டவர் ஒருவரின் கண்ணில் படும் நாள் வரைக்கும் பிரச்சினையும் இல்லை. எந்த ரிஜிஸ்டரிலும் இல்லாத தோட்டா தொலைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் பரிச்சயம். சுட்டு முடித்ததும் புல்லில் குனிந்து காலி உறைகளைப் பொறுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி கிளம்பாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தோட்டாவுக்குக் கணக்கு காட்ட இதைவிட நேர்மையான வழியும் இல்லை.

எனவே தண்டனையை ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகத் தோன்றினாலும், அது டப்பாக்களைத்தான் பெருக்கும். தொலைந்ததை அன்றைக்கே சொன்னவருக்கு ஒரு விதம், மறைத்தவருக்கு வேறு விதம் என்று பிரிக்க வேண்டும். சொன்னவருக்கும் பொறுப்பு உண்டு. அவர் கவனக்குறைவுக்கு அவர் பதில் சொல்லட்டும். ஆனால் அவருக்குக் கிடைக்கும் தண்டனை, மறைத்து மாட்டியவருக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. இல்லையென்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

வாயைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது என்பது அடுத்தது. காணாமல் போன துப்பாக்கியைத் தொலைந்த பொருளாகப் பார்ப்பதா, அபாயமாகப் பார்ப்பதா? பொருள் என்றால் தேடுவார்கள், விசாரணை வைப்பார்கள், மற்ற வேலைகள் வழக்கம்போல நடக்கும். அபாயம் என்றால் நடவடிக்கையே வேறு: துப்பாக்கி கிடைக்கும்வரை அந்த யூனிட்டைச் சேர்ந்த யாருக்கும் தனிக் காவல் கொடுக்கக் கூடாது, இரவில் வெளி யூனிட் ஆட்கள் காவல் நிற்க வேண்டும், தூங்கும் இடம் மாற்றப்பட வேண்டும். 28 தோட்டாக்களோடு போன துப்பாக்கி விஷயத்தில் இதெல்லாம் அதிகப்படி என்று பட்டிண்டாவுக்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

எத்தனை தொலைந்தது என்று சொன்னால் என்ன?

2021-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 2010 முதலான பத்தாண்டுகளில் குறைந்தது 1,900 அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகள் தொலைந்தோ திருடப்பட்டோ போயின என்று கண்டுபிடித்து எழுதியது. மேலே சொன்ன அத்தனை விதிகளும் இருக்கிற அதே ராணுவத்தில்தான்! வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில் இருக்க வேண்டிய ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கி, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் நான்கு துப்பாக்கிச் சூடுகளோடு தொடர்புடையதாகப் பிடிபட்டது. அது முகாமை விட்டு எப்படி வெளியேறியது என்பது மர்மமாகவே இருந்தது. மாதாமாதம் எண்ண வேண்டும் என்று விதி இருந்தும் இப்படி நடந்தால், எங்கோ ஓர் அறையில் எண்ணாமலே கையெழுத்து விழுந்திருக்கிறது என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

அந்த எண்ணிக்கையை வாங்க நிருபர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆனால் வெளியான பிறகு, தொலைந்த ஆயுதங்கள் பற்றி ஆண்டுதோறும் தங்களுக்கு அறிக்கை தர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே சேர்த்தது.

இங்கே இப்படிக் கேட்டால் ‘தேசப் பாதுகாப்பு’ என்று பதில் வரும். எந்த முகாமில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது, கோத் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போன ஆண்டு நாடு முழுவதும் மொத்தம் எத்தனை தொலைந்தன, எத்தனை மீட்கப்பட்டன, தொலைந்ததைக் கண்டுபிடிக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆனது என்ற மூன்று எண்களை வைத்துக்கொண்டு எந்த எதிரி என்ன செய்துவிட முடியும்? இந்த எண்களைக் கேட்க ஓர் எம்.பி.யின் எழுத்துபூர்வக் கேள்வி போதும். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்கலாம். கேரளத்தில் செய்தது போல சி.ஏ.ஜி.யும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது எண், அதாவது நாட்களின் எண்ணிக்கை, மூன்றோ அதற்கு மேலோ என்று வந்தால் முதல் வேலையாக எண்ணுகிறவரை மாற்ற வேண்டும்.