பால் எல்லாம் சொசைட்டிக்கு. வீட்டு எலும்புக்கு என்ன மிச்சம்?

கேள்வி: "எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் உள்ளன. பால் முழுவதையும் சொசைட்டிக்கே ஊற்றுகிறோம். வாசலில் வழுக்கி விழுந்த மாமியாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் பால் குடிக்கச் சொல்கிறார். 'பால் எலும்பை அரிக்கும்' என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தது. எதை நம்புவது?"
- வாசகி, கோத்தகிரி வட்டம்.

பதில்: டாக்டர் சொன்னதையே கேளுங்கள், சகோதரி. ஆனால், பால் மட்டுமே போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

கன்று ஈன்றதும் பால் காய்ச்சலில் படுத்துவிடும் பசுவைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைவதால் வருவது அது. மருத்துவர் கால்சியம் ஏற்றியதும் எழுந்து நிற்கும். நம் உடம்புக்கும் ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. சாப்பாட்டில் கிடைக்காவிட்டால், உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இந்தத் தேய்மானம் வேகமாக நடக்கும்.

2014-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், தினமும் மூன்று டம்ளருக்கு மேல் பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. ஆனால், பால்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. டீயில் கலக்கும் பாலோடு முடித்துக்கொள்ளும் நம் வீடுகளுக்கு அந்தக் கவலை பொருந்தாது.

இந்த விஷயத்தில் நம் குன்னூருக்கே ஒரு பங்கு உண்டு. 1920-களில் குன்னூர் பாஸ்டர் நிலைய வளாகத்தில் ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், காய்கறி, கீரை சேர்ந்த உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பிரதானமாக இருந்த உணவைத் தின்றவை பின்தங்கின. பாலோடு மற்றவையும் சேர்ந்துதான் அங்கே பலன் தந்தன. அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்த நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200. ஒரு டம்ளர் (200 மில்லி) பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 360. மலையில் முன்பு வீட்டுக்கு வீடு கிண்டிய ராகிக் களியை மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு ஆகியவையும் உதவும்.

அடுத்தது வெயில். கால்சியத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி வேண்டும். மழையும் மூடுபனியும் ஸ்வெட்டருமாக இருக்கும் நம் ஊரில் அது குறைய வாய்ப்பு அதிகம். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது. வெயில் அடிக்கும் நாளில், காலை 10 மணிக்கு மேல், முகமும் கைகளும் வெயில் படும்படி அரை மணி நேரம் மாமியாரை வெளியே உட்காரவையுங்கள். கை குணமானதும் மெல்ல நடக்கவும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* தினமும் அரை லிட்டர் பாலை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். மாதம் 15 லிட்டருக்கான வரவு குறையும்தான். முறிவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
* பாலைக் கட்டாயம் காய்ச்சுங்கள். கால்சியம் போகாது, கன்றுவீச்சு நோய்க் கிருமி அழியும்.
* பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிராகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
* வழுக்கியதிலேயே எலும்பு முறிந்திருப்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* வாசல் படியில் பாசி இருந்தால் இன்றே தேய்த்துக் கழுவுங்கள். எலும்பு வலுப்பட மாதங்கள் ஆகும். வழுக்கி விழ ஒரு நொடி போதும்.