ஜெராக்ஸ் கடைக்கு வரும் நூல்கள்

அஜந்தா சுப்ரமணியன் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடாக வந்தது. அதன் களம் நம் சென்னை ஐ.ஐ.டி. தகுதி, திறமை என்று பேசுவது சாதியைக் கடந்த பேச்சு அல்ல, தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் செல்வாக்கே அந்தப் பெயரில் வலம் வருகிறது என்கிறது நூல். காலனியக் காலப் பொறியியல் கல்வி, நுழைவுத் தேர்வு, கோச்சிங், அமெரிக்காவில் கோலோச்சும் முன்னாள் மாணவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அதை நிறுவுகிறார். இட ஒதுக்கீடு பற்றி டீக்கடையிலும் வாதிடும் தமிழ்நாடு பரவலாக வாசித்திருக்க வேண்டிய நூல் இது.

நான் அதைக் கடைசியாகப் பார்த்தது அரசுக் கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கும் ஒரு மாணவியின் கையில். ஸ்பைரல் பைண்டிங், மேலே நீலப் பிளாஸ்டிக் அட்டை. ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. இருந்தது ஒரே ஓர் இயல்தான். அதிலும் பென்சிலால் வரிக்கு வரி தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தார். “மத்த சேப்டர் எல்லாம் எங்க சார் கிடைக்கும்?” என்றார்.

ஆய்வு நூல்கள் பெரும்பாலும் நூலகங்கள் வாங்கும் என்ற கணக்கில் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. வெளிநாட்டுக் கெட்டி அட்டைப் பதிப்பு பல ஆயிரம் ரூபாய். நூலகமும் வாங்காவிட்டால் மாணவருக்கு ஜெராக்ஸ் கடையே கதி. அந்தக் கதியையும் அடைக்கப் பார்த்தார்கள். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பாடத்துக்காகத் தொகுத்த பக்கங்களைப் படியெடுத்துத் தந்ததுதான் குற்றம். மாணவர்கள் திரண்டார்கள். வழக்கைக் கைவிடச் சொல்லிப் பதிப்பகங்களுக்கு எழுதியவர்களில் அமர்த்தியா சென்னும் ஒருவர். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு அமர்வும் கற்பித்தலுக்காகப் படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்றே சொன்னது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. மிகச் சரியான தீர்ப்பு.

ஆனால் தீர்ப்பு மாணவிக்குத் தருவது அந்த ஓர் இயலை மட்டுமே. இயல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகரும் நூலில், நடுவில் ஒன்றைப் படிப்பவருக்கு ஆசிரியரின் முடிவு தெரியும், அதற்கு அவர் வந்த வழி தெரியாது. எதிர்வாதம் செய்ய அந்த வழிதானே வேண்டும்?

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம் சமூகத்தைப் பற்றிய புதிய ஆய்வு நூல்களை மாவட்டத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஒரு நூலுக்கு 38 பிரதிகள்தான். போட்டித் தேர்வு கைடுகளுக்குப் பக்கத்தில் அவையும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பையும் அரசே ஏற்க வேண்டும். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் படிப்புக்கென நூற்றுக்கணக்கான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. அவற்றை மறுபதிப்புச் செய்யும் அதே நிறுவனம், நம்மைப் பற்றி இன்று எழுதப்படும் நூல்களையும் தமிழாக்கும் பட்டியலில் சேர்க்கலாம். முதல் நூலாக ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’டையே எடுக்கலாம்.